பழைய கிட்டாரும் தஞ்சாவூர் வீணையும்



வேதாரண்யம் கோயிலில் கலைமகளின் கையில் வீணை இல்லை, சுவடி இருக்கிறது. அம்மனின் குரலைக் கேட்டபின் வீணையை வைத்துவிட்டாள் என்பார்கள் ஊரார். நம் ஆலயங்களிலும் வாசிக்காமல் வைத்த கருவிகள் உண்டு, காரணம்தான் வேறு. 1963இல் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு, ஆர்கனோடு மற்ற இசைக்கருவிகளுக்கும் வழிவிட்டது. அதன்பின் வந்த கிட்டார்களில் சில இன்று அலமாரிமேல் கிடக்கின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயலில் நனைந்தவையும் அவற்றில் இருக்கும். பழுது பார்ப்பதா, தூக்கிப் போடுவதா?

இதற்குத் தஞ்சாவூர் வீணையைப் பார்த்தால் வழி தெரியும். ரகுநாத நாயக்கர் (1600–1634) காலத்தில்தான் 24 மெட்டுகள் நிலையாக அமைந்த வீணை உருவானது என்பது மரபு. குடமும் தண்டியும் பலாமரம். ஆனால் வெண்கல மெட்டுகளை ஆசாரிகள் மரத்தில் அறைந்துவிடவில்லை; கரி கலந்த தேன்மெழுகில் பதித்தார்கள். ஆண்டுகள் போகப்போக மெழுகு காய்ந்து இறுகும், சுரம் விலகும். அப்போது பழைய மெழுகை எடுத்துவிட்டு மறுபடி மேளம் கட்டுவார்கள். அதற்காக வீணை கெட்டுவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. தண்டி வளைந்தால்தான் கவலை.

பழைய கிட்டாரும் ஏறக்குறைய இதே எண்ணத்தில் செய்யப்பட்டதே. அக்காலத்தில் மரத்தை வஜ்ஜிரத்தால் ஒட்டினார்கள். வெப்பமும் ஈரமும் பட்டால் அது இளகும். கழுத்தைக் கழற்றித் திரும்பப் பொருத்தலாம். பின்னாளில் வந்த மலிவுக் கிட்டார்களில் உள்ள செயற்கைப் பசை அவ்வளவு எளிதில் விடாது.

முதலில் கம்பிகளைத் தளர்த்துங்கள். ஆறு எஃகுக் கம்பிகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுக்கின்றன. நைலான் கம்பிக்கென்று செய்த கிட்டாரில் எஃகுக் கம்பி மாட்டுவது நம் பிள்ளைகளுக்குப் பழக்கம். கம்பிகளைத் தாங்கும் கட்டை பெயர்ந்து வருவது பெரும்பாலும் அதனால்தான். அதைத் திரும்ப ஒட்டலாம். மேற்பலகை நார்வாக்கில் வெடித்திருந்தால் உள்ளே சிறு துண்டு வைத்து ஒட்டலாம். உப்புக் காற்றில் துருப்பிடித்த கீ சாவிகளை மாற்றுவது பெரிய செலவில்லை.

பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீளவாக்கில் பாருங்கள். லேசாக வளைந்து, உள்ளே இரும்புக் கம்பி இருந்தால் அதைத் திருகி நிமிர்த்தலாம். கழுத்து முறுகியிருந்தால், மலிவுக் கிட்டாருக்குச் செலவு செய்யாதீர்கள். புதிது வாங்குவதே சிக்கனம். துரு ஏறாத கீ சாவிகள் இருந்தால் மட்டும் கழற்றி வையுங்கள், அடுத்த கிட்டாருக்கு உதவும்.