பல் சுரண்டிகளும் சாணைக்கல்லும்

பற்களில் படிந்து இறுகும் பற்காரையை நீக்க உதவும் கைக்கருவி பல் சுரண்டி எனப்படும். அதன் வடிவங்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அதன் கூரைக் காத்த கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

ஸ்பெயினின் கோர்தோபாவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் அல்-சஹ்ராவி (936–1013), தமது 'அல்-தஸ்ரீஃப்' நூலில் 14 சுரண்டிகளைப் படம் வரைந்து காட்டினார். காரை ஒரே நாளில் நீங்காவிட்டால் மறுநாளும் தொடரச் சொன்னார். 1728இல் பிரான்சின் பியேர் ஃபோஷார் உளி, கிளிமூக்கு, மும்முகச் செதுக்கி, சிறுகத்தி, 'இசட்' வடிவக் கொக்கி என ஐந்து வகைகளை விளக்கினார்.

19ஆம் நூற்றாண்டில் இக்கருவிகளுக்குத் தந்தத்திலும் கருங்காலி மரத்திலும் அழகிய பிடிகள் இருந்தன. நோய்களுக்குக் கிருமிகளே காரணம் என்பது தெளிவானதும், கருவிகளைக் கொதிக்க வைக்க வேண்டியதாயிற்று. 1879இல் சார்ல் சாம்பர்லாந் நீராவி அழுத்தக் கலனை (ஆட்டோகிளேவ்) உருவாக்கினார். அந்த வெப்பத்தையும் ஈரத்தையும் தந்தமும் மரமும் தாங்கவில்லை; முழு உலோகக் கருவிகள் வந்தன. ஆனால் கூர் நன்றாக நிற்கும் கார்பன் எஃகு நீராவியில் துருப்பிடித்தது. துருப்பிடிக்காத எஃகோ விரைவில் மழுங்கியது. தூய்மைக்குக் கொடுத்த விலை இது. சாணைக்கல்லின் வேலை கூடியது.

மழுங்கிய சுரண்டி காரையைப் பெயர்க்காது. அதன் மேற்பரப்பை வழவழப்பாக்கி ஈறுக்கடியிலேயே விட்டுவிடும். மருத்துவர் கூடுதலாக அழுத்துவார். கருவி வழுக்கினால் ஈறு கிழியும். மழுங்கிய அரிவாள்மனையில் காய் நறுக்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

20ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் கிளேட்டன் கிரேசி வடிவமைத்த கியூரெட்டுகள் தீட்டுவதை இன்னும் நுட்பமாக்கின. அவற்றில் ஒவ்வோர் அலகிலும் ஒரு விளிம்புதான் வெட்டும். அதை மட்டுமே தீட்ட வேண்டும். அலகின் முகத்துக்கும் கல்லுக்கும் இடையே 100 முதல் 110 பாகை இருக்க வேண்டும். கூடினால் விளிம்பு மெலிந்து சீக்கிரம் மழுங்கும். குறைந்தால் தடித்துப் போய்க் காரையில் பதியாது. ஆர்கன்சா கல்லுக்கு எண்ணெயும் பீங்கான் கல்லுக்குத் தண்ணீரும் இடுவது வழக்கம்.

கூரைச் சோதிக்க விளக்கொளி போதும். மழுங்கிய விளிம்பு வெள்ளைக் கோடாக மின்னும், கூரிய விளிம்பில் ஒளி தெரியாது. தீட்டுவதற்கு முன்னும் பின்னும் கருவியைக் கிருமி நீக்க வேண்டும். தீட்டத் தீட்ட அலகு தேயும். மிகவும் மெலிந்தது ஈறுக்கடியில் ஒடியக்கூடும் என்பதால், அதை ஒதுக்கிவிடுவார்கள்.