ஊராத்துறைச் சாசனமும் அனுமதியின் பொறுப்பும்

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலே தமிழ்க் கல்வெட்டொன்று உளது. பொலனறுவையிலிருந்து இலங்கையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) விடுத்த ஆணை அது. சிதைவுற்ற அதன் வாசகத்தைக் கா. இந்திரபாலா ஆராய்ந்து 1963இல் வெளியிட்டார். சிங்கள வேந்தனொருவன் தமிழில் விடுத்த சாசனம் என்பதனாலேயே அது பெரிதும் பேசப்படுகின்றது. ஆயின் அதன்கண் அடங்கிய விதிகள் பிறிதொரு நோக்கிலும் ஆராயற்பாலன. பலர் ஓரிடத்தில் வந்து கூடுதற்கு அனுமதி வழங்கும் ஒருவர், அவர்க்கு நேரக்கூடிய இடரில் எத்துணைப் பங்கை ஏற்றல் வேண்டும் என்னும் வினாவுக்கு அச்சாசனம் விடை பகர்கின்றது. விழாக்களும் சுற்றுலாக்களும் நடத்தும் கல்லூரிகள், பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றின்முன் இன்றும் எழுகின்ற வினா அதுவேயாம்.

சாசனத்தின் செய்தி சுருக்கமானது. பிறநாட்டார் ஊராத்துறையிலே வந்து தங்குதல் வேண்டும். அவர்கள் பாதுகாக்கப்படுதல் வேண்டும். பல துறைகளிலிருந்தும் வருவோர் அங்கே கூடுதல் வேண்டும். யானை குதிரைகளைக் கொணரும் மரக்கலம் உடையுமாயின், நான்கில் ஒரு பங்கு பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன. வாணிகப் பொருள் கொணரும் கலம் உடையுமாயின், சரிபாதி பண்டாரத்துக்கும் சரிபாதி உடையவனுக்கும் உரியன. இவ்விதிகள் கல்லிலும் செம்பிலும் பொறிக்கப்பட்டன. ஊராத்துறை என அன்று வழங்கிய இடமே இன்றைய ஊர்காவற்றுறை.

இவ்வாணையிலே மூன்று கூறுகள் காணக்கிடக்கின்றன. வருவோர் எவ்விடத்தில் வருதல் வேண்டும் என்பது முதலாவது. அவர்களைக் காக்கும் கடமை யாருடையது என்பது இரண்டாவது. இடர் நேரின் இழப்பை யார் யார் எவ்வளவு தாங்குதல் வேண்டும் என்பது மூன்றாவது. கலம் உடைந்த பின்னர் கரையில் நின்று வாதிடுவதற்கு இடமில்லாதவாறு, பங்கு முன்னரே வரையறுக்கப்பட்டது. வருவோர் படித்தறியக்கூடிய மொழியில், எவரும் மறைத்தற்கரிய கல்லில், அது பொறிக்கப்பட்டது.

இதனை மன்னனின் அருட்செயல் என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. யானையும் குதிரையும் அவன் படைக்கு வேண்டியவை. ஆதலின் அவற்றைக் கொணர்வோர்பாற் குறைந்த பங்கு கொண்டான். தான் விரும்பிய முயற்சியைப் பிறர் துணிந்து மேற்கொள்ள வேண்டுமெனின், அதன் இடரில் ஒரு பகுதியைத் தானும் சுமத்தல் வேண்டும் என்பதை அவன் அறிந்திருந்தான். ஆந்திரக் கரையிலுள்ள மோட்டுப்பள்ளியில் காகதீய மன்னன் கணபதி 1244ஆம் ஆண்டளவிற் பொறிப்பித்த அபய சாசனமும் ஈண்டு ஒப்புநோக்கத் தக்கது. முன்னைய அரசர் புயலில் ஒதுங்கிய கலங்களின் பொருள் முழுவதையும் கவர்ந்தனர் என்றும், தான் உரிய சுங்கம் மாத்திரமே கொள்வதாகவும் அவன் அதிற் கூறினான்.

பிற்காலத்தில் இந்நிலை மாறிற்று. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடைப்பட்ட கடலிலே போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். அவர்தம் ஆட்சியிற் சைவ வழிபாடு கட்டளைகளால் தடுக்கப்பட்டது. மக்கள் கூடுதற்கு ஆள்வோரின் இசைவு வேண்டியதாயிற்று; கூடுவோரைக் காக்கும் கடமையோ அவ்விசைவோடு இணைக்கப்படவில்லை. அனுமதி காவலினின்றும் பிரிந்து, கண்காணிப்பாக மாத்திரம் எஞ்சியது.

அப்பிரிவினால் விளையும் தீங்கை அண்மைக்கால வரலாறும் காட்டியது. ஊர்காவற்றுறைக்கு அயலிலுள்ள கரம்பொன்னிலே 1913இற் பிறந்த தனிநாயகம் அடிகளார், 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றுவதற்கு முன்னின்றவர். அம்மன்றத்தின் நான்காம் மாநாடு 1974 சனவரியில் யாழ்ப்பாணத்தில் நடைபெற்றது. அதனைக் கொழும்பில் நடத்துதல் வேண்டும் என்பது அன்றைய அரசின் விருப்பம். சனவரி 10ஆந் தேதி மாலை வீரசிங்கம் மண்டபத்தில் நிகழவிருந்த இறுதிக் கூட்டத்துக்கு, மண்டபம் கொள்ளாத மக்கள் திரண்டனர். ஆதலின் கூட்டம் வெளிமுற்றத்துக்கு மாற்றப்பட்டது. முற்றத்திலும் வீதியிலும் அமர்ந்திருந்த மக்களிடையே பொலிசார் புகுந்தனர். கண்ணீர்ப்புகை வீசப்பட்டது, துப்பாக்கிகள் வெடித்தன, மின்கம்பி அறுந்து வீழ்ந்தது, தமிழ் கேட்க வந்தோர் உயிரிழந்தனர். ஓய்வுபெற்ற நீதியரசர் டி கிரெற்சர் தலைமையில் அமைந்த, அரசு சாராத ஆணைக்குழு, பொலிசாரின் செயலையே குற்றமாகக் கண்டது. கூட்டத்துக்கு விதி வகுப்பவர் கூடியோரின் காவலர் என்னும் நினைவை இழக்கும்பொழுது, விதியே இடராக மாறுகின்றது.

தீவகத்துக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஒவ்வொரு பயணத்திலும் இவ்வுண்மை சிறிய அளவிற் சோதிக்கப்படுகின்றது. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் இன்றும் படகிலேயே செல்லுதல் வேண்டும். நயினை அம்மனின் ஆனித் திருவிழாக் காலம் சோழகக் காற்று வீசுங் காலமுமாகும். ஒல்லாந்தர் காலத்து இடிபாடுகளையும் மட்டக் குதிரைகளையும் காண விழையும் மாணவர்க்கு நெடுந்தீவு சிறந்ததொரு பாடநூல். இடையிலுள்ள கடலோ எவருக்கும் இரங்காதது.

அதிபரின் கையொப்பம், பெற்றோரின் சம்மதக் கடிதம், கல்வி அலுவலகத்தின் இசைவு ஆகிய யாவும் வேண்டியவையே. ஆயின் இழப்பு நேர்ந்தாற் பொறுப்பு மற்றவருடையது என்று காட்டுதற்காக மாத்திரம் அவை திரட்டப்படுமாயின், அவை பயனற்ற தாள்களே. படகு ஏற்கத்தக்க தொகை எத்துணை, உயிர்காப்பு அங்கி ஒவ்வொருவர்க்கும் உண்டா, காற்று மிகுமாயிற் பயணத்தை நிறுத்தும் அதிகாரம் எந்த ஆசிரியருடையது, விபத்து நேரின் செலவை யார் ஏற்பர் என்பன புறப்படுமுன்னரே எழுதப்படுதல் வேண்டும். மாணவரும் அவற்றைப் படித்தறிதல் வேண்டும்.

இடருக்கு அஞ்சிப் பயணத்தையே விலக்குதல் எளிது. பராக்கிரமபாகு அவ்வாறு செய்திருப்பின் ஊராத்துறைக்குக் கலம் எதுவும் வந்திராது. வருக என்று அழைத்தவன், காப்பேன் என்றும் கூறினான். உடையின் என் பங்கு இத்துணை என்றும் பொறித்தான். எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அக்கல் நயினாதீவில் நிற்கின்றது. கோயிலை வலம் வரும் மாணவர் அதன் முன்னே சிறிது நின்று செல்வாராயின், அனுமதி கொடுப்போரும் பெறுவோரும் கற்கவேண்டிய பாடத்தை அங்கேயே கற்பர்.