காரைக்குடியில் முதுமை உயிரியல் ஆய்வும் சிறு நல்கைகளும்

முதுமை உயிரியல் என்பது உயிரணுக்களும் உறுப்புகளும் காலப்போக்கில் ஏன் தளர்கின்றன, அத்தளர்ச்சியைத் தாமதப்படுத்த இயலுமா என்பதை ஆராயும் துறையாகும். சிவகங்கை மாவட்டம் காரைக்குடியில் உள்ள அழகப்பா பல்கலைக்கழகத்தில் இத்துறை சார்ந்த ஆய்வுகள் நடைபெற்று வருகின்றன. இத்தகைய ஆய்வுகளுக்கு உதவும் நிதி பெரும்பாலும் விண்ணப்பித்துப் பெறும் நல்கையாகவே கிடைக்கிறது. ஒருகாலத்தில் தனிமனிதர் கொடையால் கல்வி வளர்ந்த செட்டிநாட்டில், விண்ணப்பமும் கணக்கும் கேட்கும் நல்கை முறை வேரூன்றிய வரலாற்றையும், அம்முறைக்கும் முதுமை ஆய்வுக்கும் உள்ள தொடர்பையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கொடையின் காலம்

நகரத்தார் வணிகர்களிடம் மகமை என்றொரு வழக்கம் இருந்தது. வணிக வருவாயில் ஒரு பங்கைப் பொதுக் காரியங்களுக்கென ஒதுக்கி வைப்பதே மகமை ஆகும். கோயில், ஊருணி, சத்திரம் எனத் தொடங்கிய நகரத்தார் அறப்பணி, இருபதாம் நூற்றாண்டில் கல்வி நிறுவனங்களுக்கும் விரிந்தது.

கோட்டையூரில் 1909 ஏப்ரல் 6 அன்று பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார், 1947-இல் காரைக்குடியில் கலைக் கல்லூரியைத் தொடங்கினார். தேசிய ஆய்வகம் ஒன்று காரைக்குடிக்கு வர வேண்டும் என்பதற்காக 300 ஏக்கர் நிலத்தையும் 15 இலட்சம் ரூபாயையும் வழங்கினார். அவ்வாறு உருவானதே சிக்ரி எனப்படும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். அதற்கு 1948 சூலை 25 அன்று பிரதமர் சவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 சனவரி 14 அன்று அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் இராதாகிருட்டிணன் அதைத் திறந்து வைத்தார். அழகப்பர் 1957 ஏப்ரல் 5 அன்று, 48 வயது நிறைவதற்கு ஒருநாள் முன்னர் மறைந்தார்.

கொடையின் வலிமை அதன் விரைவு. ஒருவர் மனம் வைத்தால் நிலமும் கட்டடமும் கிடைத்துவிடும். ஆனால் கட்டடத்திற்குள் ஆண்டுதோறும் நடக்க வேண்டிய ஆய்வுக்குத் தொடர்ந்து பணம் வேண்டும். யாருடைய ஆய்வுக்கு எவ்வளவு கொடுப்பது என்பதைத் தீர்மானிக்க ஒரு முறையும் வேண்டும்.

நல்கையின் வருகை

விடுதலைக்குப் பின் அப்பொறுப்பை அரசு அமைப்புகள் ஏற்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1949-இல் இப்பெயரைப் பெற்றது. பல்கலைக்கழக மானியக் குழு 1956-இல் சட்டமுறை அமைப்பாயிற்று. அறிவியல் தொழில்நுட்பத் துறை 1971-இலும், உயிரித் தொழில்நுட்பத் துறை 1986-இலும் தோன்றின. மாநில அளவில் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் 1984-இல் அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 1985-இல், அழகப்பா பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. எனவே இப்பல்கலைக்கழகம் பிறந்ததே நல்கைக் காலத்தில் எனலாம்.

இவ்வமைப்புகளின் திட்டங்களில் கல்லூரி ஆசிரியர்களுக்கு நன்கு அறிமுகமானது மானியக் குழுவின் சிறு ஆய்வுத் திட்டம் ஆகும். பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (2012–2017) அறிவியல் பாடங்களுக்கு இதன் உச்சவரம்பு 5 இலட்சம் ரூபாய். கால அளவு 2 ஆண்டுகள். மாநில மன்றத்தின் மாணவர் செயல்திட்ட உதவி இன்னும் சிறியது. சில ஆயிரம் ரூபாய் மட்டுமே. ஆயினும் இறுதியாண்டு மாணவர் ஒருவர் தம் பெயரில் ஆய்வு முன்மொழிவு எழுதிப் பழகும் முதல் வாய்ப்பு பெரும்பாலும் இதுவே.

அமெரிக்காவில் முதுமை ஆய்வுக்கெனவே தேசிய முதுமை நிறுவனம் 1974-இல் தொடங்கப்பட்டது. அங்கும் ஆண்டுக்கு 50,000 டாலர் வீதம் 2 ஆண்டுகளுக்கு வழங்கும் சிறு நல்கை முறை உண்டு. இந்தியாவில் இத்துறைக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர் காசி இந்துப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எம். எஸ். கனுங்கோ. முதுமையின் உயிர்வேதியியல் பற்றிய அவரது நூல் 1980-இல் வெளிவந்தது.

இரண்டு ஆண்டும் இரண்டு வாரமும்

முதுமையை ஆராய்பவருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஓர் உயிர் மூப்படையும் வரை அவர் காத்திருக்க வேண்டும். சுண்டெலி இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வாழும். இரண்டு ஆண்டு நல்கையில் சுண்டெலியைப் பிறப்பிலிருந்து இறப்பு வரை பின்தொடர்ந்தால், எலி முதுமை எய்துவதற்குள் பணம் தீர்ந்துவிடும்.

இச்சிக்கலுக்கு விடையாக அமைந்தது கேனோராப்டிடிசு எலிகன்சு என்னும் உருளைப்புழு. இதன் நீளம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். ஆயுள் இரண்டு முதல் மூன்று வாரங்கள். இதை ஆய்வுலகிற்குக் கொண்டுவந்ததும் ஒரு சுருக்கமான விண்ணப்பமே. கேம்பிரிட்சில் பணியாற்றிய சிட்னி பிரென்னர், 1963 அக்டோபரில் பிரித்தானிய மருத்துவ ஆய்வு மன்றத்திற்கு ஒரு முன்மொழிவை அனுப்பினார். எளிய உடலமைப்பு கொண்ட ஒரு புழுவின் ஒவ்வோர் உயிரணுவையும் கணக்கெடுக்கலாம் என்பதே அதன் சாரம். அப்பணி 2002-இல் அவருக்கும் இருவருக்கும் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. 1993-இல் சிந்தியா கென்யனின் குழு, ஒரேயொரு மரபணுவில் ஏற்படும் மாற்றம் இப்புழுவின் ஆயுளை இருமடங்குக்கு மேல் நீட்டுவதைக் காட்டியது. முதுமை மாற்றவே இயலாத விதியன்று என்னும் எண்ணம் அதன்பின் வலுப்பெற்றது.

அழகப்பா பல்கலைக்கழகத்தின் உயிரித் தொழில்நுட்பவியல் துறையில் இப்புழு ஆய்வு உயிரியாகப் பயன்படுகிறது. மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் பாடினா சிம்னோசுபோரா என்னும் பழுப்புக் கடற்பாசியின் சாறு, அல்சைமர் நோயுடன் தொடர்புடைய அமைலாய்டு பீட்டா புரதத் துணுக்குகள் திரள்வதைத் தடுப்பதாக இத்துறையினர் 2015-இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். தொடர்ந்து, இந்நோயின் மாதிரியாக மரபணு மாற்றப்பட்ட உருளைப்புழுக்களிலும் அப்பாசியின் வேதிப்பொருளைச் சோதித்தனர். இவை மருந்தாகிவிட்ட கண்டுபிடிப்புகள் அல்ல; மருந்தை நோக்கிய தொடக்கப் படிகள்.

விண்ணப்பத்தின் உள்ளடக்கம்

நல்கை விண்ணப்பம் பொதுவாக ஐந்து வினாக்களுக்கு விடை கேட்கிறது: எதை அறிய விரும்புகிறீர்கள், இதுவரை அறியப்பட்டது என்ன, எவ்வாறு செய்வீர்கள், எத்தனை மாதம் ஆகும், எவ்வளவு செலவாகும்.

செலவுப் பட்டியலே விண்ணப்பதாரர் ஆய்வை எந்த அளவுக்கு அறிந்துள்ளார் என்பதைக் காட்டிவிடும். உருளைப்புழுவைப் பொதுவாக 20 பாகை செல்சியசில் வளர்க்கின்றனர். வெப்பம் கூடினால் அதன் ஆயுள் குறையும். காரைக்குடி வெயிலில் அந்த வெப்பநிலையைக் காக்கக் குளிர் வசதியுள்ள அடைகாப்பான் வேண்டும். தடையற்ற மின்சாரமும் வேண்டும். மின்சாரம் நின்று வெப்பம் ஏறினால், ஆயுள் குறைந்தது வெப்பத்தாலா, சோதித்த பொருளாலா என்று பிரித்தறிய இயலாது. ஒரு புழு ஏறத்தாழ 300 முட்டைகள் இடும். தாயும் சேயும் கலந்துவிடாதிருக்க அவற்றை அடிக்கடி வேறு தட்டுகளுக்கு மாற்ற வேண்டும், அல்லது குஞ்சு பொரிப்பதைத் தடுக்கும் வேதிப்பொருள் சேர்க்க வேண்டும். நாள்தோறும் மெல்லிய பிளாட்டினக் கம்பியால் தொட்டுப் பார்த்து, அசையாதவற்றை இறந்தவையாகக் குறிக்க வேண்டும். விடுமுறை நாளிலும் எண்ணிக்கையை நிறுத்த இயலாது. இவற்றை முன்கூட்டியே அறிந்தவரே ஏற்கத்தக்க பட்டியலை எழுத முடியும்.

நல்கை கிடைத்த பின்னும் கடமை உண்டு. தொகை பெரும்பாலும் தவணைகளாக வருகிறது. முதல் தவணை செலவான விவரத்தைப் பட்டயக் கணக்காளர் சான்றுடனும் பயன்பாட்டுச் சான்றிதழுடனும் அனுப்ப வேண்டும். அதன் பின்னரே அடுத்த தவணை விடுவிக்கப்படும். தவணை தாமதமாகும்போது முதலில் பாதிக்கப்படுவது நாள்தோறும் வாங்க வேண்டிய நுகர்பொருள்களும், திட்டத்தை நம்பிச் சேர்ந்த ஆய்வு மாணவரின் உதவித்தொகையும் ஆகும்.

இன்றைய நிலையும் தேவையும்

தேசிய உயர்கல்வி இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில் அழகப்பா பல்கலைக்கழகத்திற்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அத்தகைய பெருநிதி கருவிகளையும் கட்டமைப்பையும் தரும். எனினும் இன்னும் பெயர் பெறாத இளம் ஆசிரியரின் புதிய எண்ணத்தைச் சோதித்துப் பார்க்கச் சிறு நல்கையே ஏற்றது. எண்ணம் தவறென்று தெரிந்தாலும் இழப்பு சிறிது. சரியென்று தெரிந்தால் அம்முடிவே பெரிய விண்ணப்பத்திற்கு அடிப்படையாகும். 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை, முன்பிருந்த அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியத்தின் பணிகளைத் தற்போது ஏற்றுள்ளது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்களில் 8.6 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்கள். தமிழ்நாட்டில் இது 10.4 விழுக்காடு. பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும் வாழ, செட்டிநாட்டின் பெரிய வீடுகள் பலவற்றில் முதியவர்கள் மட்டுமே இருப்பதை ஊரார் அறிவர். மறதி நோயோ மூட்டுத் தளர்ச்சியோ அவர்களுக்கு ஆய்வுத் தலைப்பு அன்று, அன்றாட வாழ்க்கை. அழகப்பர் கொடுத்த நிலம் ஆய்வுக்கு இடம் தந்தது. அந்த இடத்தில் எந்தக் கேள்வி கேட்கப்படும் என்பதை, இன்று சில பக்கங்களில் எழுதப்படும் விண்ணப்பங்கள் தீர்மானிக்கின்றன.