முகமூடி அணியாத வீரர்கள்

வீரக் கதைகளில் முகமூடி நாயகனுக்குத் தனியிடம் உண்டு. பகலில் அவன் மனைவி மக்களோடு வாழும் எளிய இல்லறத்தான். இரவில் முகத்தை மறைத்துக் குதிரையேறி, கொடியோரை ஒடுக்கி எளியோரைக் காப்பவன். 1936இல் அமெரிக்கரான லீ ஃபால்க் படைத்த முகமூடி வீரன் சித்திரக் கதைகளின் வழியே தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கும் அறிமுகமானான். அவனுக்கும் மனைவி உண்டு; இரட்டைக் குழந்தைகள் உண்டு. அத்தகைய நாயகர்களுக்கு முகமூடி எதற்கு? பகைவன் தன் முகத்தை அறிந்தால் தன் வீட்டையும் அறிந்துவிடுவான் என்ற அச்சமே காரணம். நீதிக்காகப் போராடும் தந்தையின் குடும்பத்துக்கு அந்தத் துணித் துண்டே கோட்டைச் சுவராகிறது.

வரலாறு எவருக்கும் அப்படியொரு முகமூடியை வழங்கியதில்லை. அதற்குச் சான்று தேடி நாம் அயல்நாடு செல்லவேண்டியதில்லை. கன்னட நாடும் தமிழ் நாடும் கைகோக்கும் ஒசூர், கிருஷ்ணகிரி எல்லையே அந்தச் சான்றைத் தன் பாறைக் கோட்டைகளில் தாங்கி நிற்கிறது. கிருஷ்ணகிரியைச் சூழ்ந்த இப்பகுதிக்கு அக்காலத்தில் பாரமகால் என்று பெயர்.

1760ஆம் ஆண்டு. மைசூர் அரசின் அதிகாரம் முழுவதும் ஹைதர் அலியின் கையில் இருந்தது. அவருடைய படையின் பெரும்பகுதி, பிரெஞ்சுக்காரருக்குத் துணையாகப் புதுச்சேரிப் பக்கம் சென்றிருந்தது. அந்த வேளை பார்த்து, ஹைதரிடமே பணிபுரிந்து உயர்ந்த திவான் காண்டே ராவ், அரண்மனையாரோடும் மராட்டியரோடும் கைகோத்து அவருக்கு எதிராகத் திரும்பினார். ஆகஸ்டு 12ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் ஹைதரின் இருப்பிடத்தை நோக்கிப் பீரங்கிகள் முழங்கின. அன்றிரவே அவர் சில குதிரை வீரர்களோடு ஆற்றைக் கடந்து தப்பினார். ஒசூருக்கு அண்மையிலுள்ள ஆனேக்கல் கோட்டையை அடைந்து, அங்கிருந்து பெங்களூருக்குச் சென்றார். 98 மைல் தொலைவை 20 மணி நேரத்தில் அவர் கடந்தார் என்று ஆங்கில வரலாற்றாசிரியர் வில்க்ஸ் எழுதுகிறார்.

கதையாக இருந்தால் அந்தக் குதிரைப் பயணத்தோடு நம் நெஞ்சு நிறைந்துவிடும். ஆனால் வரலாற்றைப் படிப்போர் குதிரையின் பின்னே செல்வதோடு நில்லாது, பூட்டிய கதவுக்குள்ளும் நோக்கவேண்டும். ஹைதர் தம் குடும்பத்தாரை ஸ்ரீரங்கப்பட்டினத்திலேயே விட்டுச் செல்ல நேர்ந்தது. ஏறத்தாழப் பத்து வயதுச் சிறுவரான திப்புவும் அவர்களுள் ஒருவர். அவர்கள் காண்டே ராவின் கைதிகளாயினர். ஆயினும் காண்டே ராவ் அவர்களைக் கொடுமைப்படுத்தவில்லை. ஒரு வீட்டில் இருத்திப் பரிவோடு நடத்தினார்.

அதே நெருக்கடியில் பாரமகாலும் பேரத்துக்கு வந்தது. மராட்டியத் தளபதி விசாஜி விலகிச் செல்வதற்கு ஈடாகப் பணத்தோடு பாரமகாலையும் தருவதாக ஹைதர் இசைந்தார். 1761 ஜனவரி 14 அன்று பானிபட்டில் மராட்டியர் பெருந்தோல்வி கண்டனர். அவர்களின் கவனம் வடக்கே திரும்பியது. பாரமகால் கைமாறவில்லை.

அதன்பின் ஹைதர் வென்ற விதம் கவனத்துக்குரியது. தாமே முன்பு பதவியிலிருந்து இறக்கிய நஞ்சராஜரிடம் ஆயுதமின்றிச் சென்று அடைக்கலம் வேண்டினார். பின்னர் நஞ்சராஜரின் முத்திரையிட்ட பொய்க் கடிதங்களால் காண்டே ராவைத் தம் படைத்தலைவர்கள் மீதே ஐயுறச் செய்து, போர்க்களத்திலிருந்து ஓடவைத்தார். ஹைதர் அணிந்த முகமூடி என்று ஒன்றைச் சொல்வதானால் அந்த முத்திரைதான். 1761இல் தலைநகர் மீண்டும் அவர் வசமாயிற்று. காண்டே ராவின் உயிருக்காக அரண்மனைப் பெண்கள் மன்றாடினர். அவரைக் கிளியைப் போல் வளர்ப்பேன் என்று ஹைதர் வாக்களித்தார். அதைச் சொல்லுக்குச் சொல் நிறைவேற்றினார்: இரும்புக் கூண்டில் அடைத்து, பாலும் சோறும் கொடுத்துவந்தார்.

அந்தக் கூண்டின் முன்னே நாம் சற்று நிற்கவேண்டும். ஹைதரின் பேராற்றல் நம் பெருமைக்குரியது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் எழுப்பிய அரசு ஆங்கிலக் கம்பெனியைப் பல்லாண்டு நடுங்க வைத்தது. எனினும், ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதியினின்று பிறழச் செய்யலாகாது என்ற கருத்தைத் திருமறையின் அல்மாயிதா அத்தியாயம் நமக்குக் கற்பிக்கிறது. அந்த அளவுகோல் அயலாருக்கு மட்டும் உரியதன்று. தம் கையில் சிக்கிய குடும்பத்தைப் பேணியவர் துரோகி என்று பெயர் பெற்றார். தம் வீட்டாரை நலமாகத் திரும்பப் பெற்றவர் அவரைக் கூண்டில் அடைத்தார். வாக்கு காப்பாற்றப்பட்டது, நீதி காப்பாற்றப்படவில்லை.

இரவில் வெளியே செல்லும் தலைவருக்கு நம் மார்க்க வரலாறு காட்டும் இலக்கணம் வேறு. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் மதீனாவின் இருளில் நகர்சோதனை சென்றபோது, பசியால் அழும் குழந்தைகளைத் தேற்ற வெறும் நீரை அடுப்பிலேற்றியிருந்த ஒரு தாயைக் கண்ட நிகழ்ச்சி நம் இல்லங்களில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கலீஃபா என்று தம்மை அறிவித்துக்கொள்ளாமல், மாவு மூட்டையைத் தம் முதுகிலேயே சுமந்து வந்தார்கள். தம் அடையாளத்தை அவர்கள் மறைத்தது பழிவாங்குவதற்காக அன்று, பொறுப்பைச் சுமப்பதற்காக.

முப்பது ஆண்டுகள் கழிந்தன. பிணையாக இருந்த சிறுவர் இப்போது சுல்தான். தாமும் ஒரு தந்தை. மூன்றாம் மைசூர்ப் போரில், 1791 ஜூலையில் ஒசூரும் இராயக்கோட்டையும் கம்பெனிப் படையிடம் வீழ்ந்தன. ஆனால் கிருஷ்ணகிரி வீழவில்லை. அவ்வாண்டு நவம்பரில் மாக்ஸ்வெல் நடத்திய இரவுத் தாக்குதல் அடிவாரப் பேட்டை வரை வென்று, மலைக்கோட்டையின் வாயிலில் முறியடிக்கப்பட்டது. மேலிருந்த காவற்படை பாறைகளை உருட்டிவிட்டே எதிரியைத் துரத்தியது.

வாளால் வெல்ல முடியாததை உடன்படிக்கை வென்றது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டினம் முற்றுகையிடப்பட்டபோது கார்ன்வாலிஸ் விதித்த நிபந்தனைகள் கடுமையானவை: அரசின் பாதி நிலம், மூன்று கோடியே 30 லட்சம் ரூபாய், அது செலுத்தப்படும் வரை சுல்தானின் மைந்தர் இருவர் பிணை. பிப்ரவரி 26 அன்று பத்து வயது அப்துல் காலிக்கும் எட்டு வயது முயிஸ்ஸுத்தீனும் யானைமீதேறி ஆங்கிலேயர் பாசறைக்குச் சென்றனர். கார்ன்வாலிஸ் அவர்களுக்குத் தங்கக் கடிகாரங்களைப் பரிசளித்தார். அக்காட்சியை ஆங்கில ஓவியர்கள் பலர் வெற்றிச் சித்திரமாகத் தீட்டினர். பிள்ளைகள் சென்னைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1794இல்தான் தந்தையிடம் திரும்பினர். பாரமகால் திரும்பவில்லை. அலெக்சாண்டர் ரீடின் நிர்வாகத்தில் அது கம்பெனியின் சீமையாயிற்று.

ஒரே மண் இருமுறை விலையாகப் பேசப்பட்டது. இருமுறையும் ஒரே குடும்பத்தின் பிள்ளைகள் பகைவர் கையில் இருந்தனர். 1799 மே 4 அன்று திப்பு சுல்தான் போர்க்களத்தில் ஷஹீதானார்கள். அதன்பின் அவர்களுடைய மக்கள் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டனர். 1806 ஜூலை 10 அன்று வேலூரில் சிப்பாய்ப் புரட்சி வெடித்தது. அரச குடும்பத்தார் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். சுல்தானின் பெயர் புகழாகப் பரவியது. அந்தப் பெயருக்குரிய விலையை மனைவியரும் மக்களும் பேரர்களும் செலுத்தினர். வீரத்தின் வரலாறு அவர்களின் பொறுமையையும் சேர்த்து எழுதப்பட்டாலன்றி முழுமை பெறாது.

இன்று அந்த எல்லையில் பீரங்கி முழங்குவதில்லை; சிப்காட் தொழிற்பேட்டையின் சங்கொலி கேட்கிறது. கிருஷ்ணகிரிக் கோட்டை நிற்கும் சையத் பாஷா மலைக்குப் பாத்திஹா ஓதச் செல்லும் குடும்பங்கள், அங்கே உருட்டிவிடப்பட்ட பாறைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். யானைமீதேறிச் சென்ற இரு சிறுவரையும் சொல்லட்டும். இரும்புக் கூண்டையும் மறைக்காமல் சொல்லட்டும். நம்மவர் வென்ற இடங்களை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை வீரத்தை விரும்பும். நம்மவர் தவறிய இடத்தையும் கேட்டு வளரும் பிள்ளையே நீதியை விரும்பும்.