குழந்தை வளர்ச்சி மதிப்பீடு: சித்தூர், திருப்பதி வட்டாரம்

குழந்தை வளர்ச்சி மதிப்பீடு என்பது, பேச்சிலோ பிறரோடு பழகும் பாங்கிலோ கவனத்திலோ வயதுக்குரிய நிலையிலிருந்து விலகி நிற்பதாகத் தோன்றும் ஒரு குழந்தையை, குழந்தை மருத்துவரும் மனோதத்துவ நிபுணரும் பேச்சுப் பயிற்சியாளரும் முறைப்படி ஆராய்ந்து, அவ்விலகலுக்கு ஆட்டிசம் காரணமா, கவனக்குறைவு மிகையியக்கம் (ஏ.டி.எச்.டி.) காரணமா, இரண்டும் ஒருங்கே இருக்கின்றனவா, அன்றிக் காது மந்தம் போன்ற வேறொன்றா என்று நிர்ணயிக்கும் காரியமாகும். ஆட்டிசத்தையும் கவனக்குறைவு மிகையியக்கத்தையும் கண்டுபிடித்துச் சொல்லக்கூடிய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பெற்றோர் கூறும் வரலாறும், குழந்தையை நேரில் கவனித்து அறிவதுமே நிர்ணயத்துக்கு ஆதாரங்களாக இருப்பதால், பெற்றோரே இதில் முதன்மைச் சாட்சிகளாகிறார்கள். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் கலந்து வழங்கும் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் இந்தச் சாட்சியத்துக்கு விசேஷமான முக்கியத்துவம் உண்டு.

வரலாறு

ஓரிடத்தில் நிலைத்து இருக்க முடியாமலும், அடக்கத்துக்கு உட்படாமலும் இருந்த குழந்தைகளைக் குறித்து ஜார்ஜ் ஸ்டில் என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1902இல் லண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகள், கவனக் குறைபாட்டைப் பற்றிய தொடக்ககால மருத்துவ விவரணைகளுள் முக்கியமானவை. பால்டிமோரில் பணியாற்றிய லியோ கானர் 1943இல் 11 குழந்தைகளின் வரலாறுகளை வெளியிட்டு ஆட்டிசத்தைத் தனியொரு நிலையாக விவரித்தார். அடுத்த ஆண்டே வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் அதற்கு நெருங்கிய நிலையொன்றை எழுதிவைத்தார். தாயின் அன்பின்மையே ஆட்டிசத்துக்குக் காரணம் என்ற கொடிய அபிப்பிராயம் அதன்பின் பல ஆண்டுகள் செல்வாக்குடன் இருந்தது. தாமே ஆட்டிசக் குழந்தை ஒன்றின் தந்தையாகிய பெர்னார்டு ரிம்லாண்டு என்ற அமெரிக்க மனோதத்துவர், மூளை வளர்ச்சியில்தான் அதன் மூலம் இருக்கிறதென்று 1964இல் ஒரு நூலெழுதி வாதித்த பிறகே அக்கருத்து தளரலாயிற்று. ஆட்டிசம் உள்ள குழந்தைக்குக் கவனக் குறைபாடும் உண்டென்று சேர்த்து நிர்ணயிப்பதை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு நெடுங்காலம் அனுமதிக்கவில்லை. 2013இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பே அந்தத் தடையை நீக்கியது. அதற்கு முன்னர் மதிப்பீடு செய்யப்பட்டவர்களின் பழைய அறிக்கைகளில் இவ்விரண்டில் ஒன்று மட்டுமே காணப்படுவதற்கு இது ஒரு காரணம்.

கவனிக்கத்தக்க குறிகள்

ஓராண்டு நிறைந்த குழந்தை பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமையும், வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டாமையும், 16 மாதத்தில் தனிச்சொல் ஒன்றேனும் பேசாமையும், 24 மாதத்தில் இரண்டு சொற்களைத் தானாகச் சேர்க்காமையும், எந்த வயதிலாயினும் வந்த பேச்சு மறைந்துபோதலும் தாமதமின்றி மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டிய குறிகளாகும். “ஆம்பளைப் பிள்ளை மெதுவாகத்தான் பேசும்” என்றும், “இவன் மாமனும் நாலு வயசிலேதான் வாயைத் திறந்தான்” என்றும் வீட்டுப் பெரியவர்கள் வாஞ்சையோடு சொல்லும் ஆறுதலால், எத்தனையோ குடும்பங்களில் பயிற்சிக்கு மிக உகந்த ஆண்டுகள் வீணே கழிந்துவிடுகின்றன. பெண் குழந்தைகளிடத்தில் இக்குறிகள் சாதுவான சுபாவமென்று கருதப்பட்டுக் கவனத்துக்கு வராமலே போவதும் உண்டு.

கவனக்குறைவு மிகையியக்கத்தை நிர்ணயிக்க, அதன் குறிகள் 12 வயதுக்கு முன்பே தோன்றியிருப்பதும், ஆறு மாதங்களுக்குக் குறையாமல் நீடிப்பதும், வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் காணப்படுவதும் அவசியம். வகுப்பில் மட்டுமே துள்ளித் திரிந்து வீட்டில் அமைதியாயிருக்கும் குழந்தைக்குப் பாடம் விளங்காமையோ, பயிற்று மொழி புரியாமையோ காரணமாயிருக்கலாம். ஆகவே ஆசிரியரின் எழுத்து மூலமான குறிப்பு இல்லாமல் செய்யப்படும் நிர்ணயம் முழுமை பெறுவதில்லை.

மதிப்பீட்டின் படிகள்

முதற்படி செவிப் பரிசோதனை. ஒத்துழைக்காத சிறு குழந்தைக்கு, தூக்கத்திலேயே எடுக்கப்படும் ‘பெரா’ சோதனை ஏற்றது. அதன்பின் கர்ப்ப காலம், பிரசவம், குழந்தை தலை நின்றது, உட்கார்ந்தது, நடந்தது, முதற்சொல் பேசியது ஆகியவற்றின் வரலாறு கேட்டு எழுதப்படும். 16 முதல் 30 மாத வயதினருக்கு எம்-சாட் என்னும் 20 கேள்விகள் கொண்ட பட்டியல் பயன்படுகிறது. இது சந்தேகத்தை எழுப்பித் தருமேயன்றித் தீர்ப்பு வழங்காது. இந்தியாவில் சான்றிதழுக்காகக் கையாளப்படும் ‘இசா’ அளவுகோல், ஆறு துறைகளில் அடங்கிய 40 கூறுகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இடும் முறையை உடையது. மொத்தம் 70க்குக் கீழிருந்தால் ஆட்டிசம் இல்லையென்றும், 70 முதல் 106 வரை லேசானதென்றும், 107 முதல் 153 வரை நடுத்தரமானதென்றும், அதற்கு மேல் கடுமையானதென்றும் அது வகுக்கிறது. வைன்லாண்டு சமூக முதிர்ச்சி அளவுகோலும், அறிவுத்திறன் சோதனையும், பேச்சு மதிப்பீடும் இவற்றோடு சேரும். ஒரே அமர்வில் இவையனைத்தும் முடிவது அரிது.

சித்தூர் வட்டாரத்தின் நிலை

1911இல் சென்னை மாகாணத்தில் உருவான சித்தூர் மாவட்டம், 1953இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. அதன் ஒரு பகுதியையும் சேர்த்து 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் அமைக்கப்பட்டது. நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் முதலிய ஊர்களில் வீட்டில் தமிழ் பேசித் தெலுங்கு வழியிலோ ஆங்கில வழியிலோ படிக்கும் குழந்தைகள் பலர். 2013இல் மத்திய அரசு தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் செல்ல வேண்டிய மருத்துவக் குழு தேடவேண்டிய நிலைகளின் பட்டியலில் ஆட்டிசமும் கவனக் குறைபாடும் இடம்பெற்றிருக்கின்றன. சந்தேகத்துக்குரிய குழந்தைகளை மாவட்டத் தொடக்கநிலைச் சிகிச்சை மையத்துக்கு அனுப்புவது அத்திட்டத்தின் ஏற்பாடு.

திருப்பதியில் 1960இல் நிறுவப்பட்ட ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த ரூயா ஆஸ்பத்திரி, அரசு வழியில் செல்வோருக்கு முதலிடம். சித்தூர்க் குடும்பங்கள் காட்பாடி மார்க்கமாக வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குச் செல்வது தொன்றுதொட்ட வழக்கம். பாகாயத்தில் 1957இல் தொடங்கிய அதன் மனநல மையத்தைச் சேர்ந்த நம்பிக்கை நிலையத்தில், பெற்றோர் குழந்தையுடன் தங்கிப் பயிற்சி பெறும் முறை வழங்கிவருகிறது. குப்பம் பகுதியினருக்குப் பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை ரயில் வசதியுள்ள இடமாகும். இவ்வாறு மூன்று மாநிலங்களில் அலைய நேரும் குடும்பத்தார், ஒவ்வோரிடத்திலும் புதிதாகத் தொடங்காமலிருக்க வேண்டுமானால், முந்தைய அறிக்கைகள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வைத்திருத்தல் இன்றியமையாதது.

இருமொழிச் சூழல்

இரண்டு மொழிகளைக் கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உண்டாவதில்லை. ஆட்டிசமுள்ள குழந்தையும் இரண்டு மொழிகளைக் கற்கக் கூடும் என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. “வீட்டில் தமிழை நிறுத்துங்கள்” என்று சில இடங்களில் கூறப்படும் யோசனையை ஏற்றால், பாட்டியும் தாயும் இயல்பாகப் பேசும் பேச்சே குழந்தைக்குக் கிட்டாமற்போகும். மாறாக, பேச்சுத் தாமதம் முழுவதற்கும் இருமொழியே காரணமென்று சொல்லித் தள்ளிப்போடுவதும் சமமான பிழை. ஏனெனில் மொழிக் குழப்பம் மட்டுமே உள்ள குழந்தை, சொல் வராதபோதும் கண்ணாலும் கையாலும் தன் கருத்தைத் தெரிவித்துவிடும். தமிழ் பேசும் குழந்தையைத் தெலுங்கில் மட்டும் சோதித்தால் அறிவுத்திறன் உண்மையினும் குறைவாகத் தோன்றக்கூடும். ஆதலால் வீட்டு மொழி எதுவென்று தொடக்கத்திலேயே அறிவிப்பதும், வேண்டுமானால் ரேவன் வரிசைப் படங்கள் போன்ற சொற்சாராச் சோதனையைக் கேட்டுப் பெறுவதும் பெற்றோர் கடமை.

பெற்றோர் செய்யத்தக்கவை

பிறந்தநாள், பண்டிகை ஆகியவற்றில் எடுத்த பழைய காணொளிகள், மறந்துபோன விவரங்களுக்குச் சிறந்த சான்றுகள். மதிப்பீட்டு அறையில் புதியவரைக் கண்டு குழந்தை அழுதுகொண்டே இருந்தால், வீட்டில் அது உண்பதையும் விளையாடுவதையும் காட்டும் சிறு காணொளி மருத்துவருக்குப் பெரிதும் பிரயோஜனப்படும். அழைத்து வரும் நேரம், குழந்தை தூங்கியெழுந்து உண்டு முடித்த வேளையாக இருத்தல் நலம். திருமலைக்கும் காணிப்பாக்கத்துக்கும் நேர்ந்துகொள்வது குடும்பத்தாரின் மனோபலத்துக்குத் துணையாகலாம். ஆனால் நேர்த்திக்கடன் முடியட்டுமென்று மதிப்பீட்டை ஒத்திவைப்பதற்கு நியாயமில்லை.

தடுப்பூசியால் ஆட்டிசம் வருமென்று 1998இல் லான்செட் இதழில் எழுந்த ஐயத்துக்கு ஆதாரமில்லையெனக் கண்டு, அக்கட்டுரையை அவ்விதழே 2010இல் திரும்பப் பெற்றது. மூல உயிரணுச் சிகிச்சையை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்க இயலாதென்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறைக் குழு 2022இல் தெரிவித்தது. பெருந்தொகை கேட்டு இச்சிகிச்சையை அளிக்க முன்வருவோரிடம் குடும்பத்தார் எச்சரிக்கையாயிருக்க வேண்டும்.

சான்றிதழும் சலுகைகளும்

1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்திலும், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகுத்த 21 நிலைகளிலும் ஆட்டிசம் அடங்கும். கவனக்குறைவு மிகையியக்கம் அந்த 21இல் இல்லை. எனவே இரண்டும் உள்ள குழந்தைக்கு ஆட்டிசத்தின் பேரிலேயே சான்றிதழ் கிடைக்கும். ஆந்திரத்தில் ‘சதரம்’ என்று மக்கள் வழங்கும் முகாமில் மருத்துவக் குழு இதனை அளிக்கிறது. ஒரு மாநிலத்தில் பெற்ற சான்றிதழ் நாடெங்கும் செல்லுமென்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் கூறுவதால், எல்லை தாண்டித் தமிழகத்தில் பயிற்சி பெறுவோரும் கவலைப்பட வேண்டியதில்லை. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உடைய 6 முதல் 18 வயதுக் குழந்தைக்கு, அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது.

மதிப்பீட்டுக்குப் பின்

பேச்சுப் பயிற்சி, தொழில்சார் பயிற்சி, நடத்தைப் பயிற்சி ஆகியவையே ஆட்டிசத்துக்கு அடிப்படை. கவனக் குறைபாட்டுக்கு, ஆறு வயதுக்கு உட்பட்டோரிடம் பெற்றோர் பயிற்சியே முதலில் தரப்படும். பெரிய குழந்தைகளுக்குத் தேவையானால் மருத்துவர் மேற்பார்வையில் மருந்தும் சேரும். பள்ளிக் கல்வித் துறையின் ‘பவிதா’ மையங்கள் மண்டல அளவில் சிறப்புக் கல்விக்குத் துணைபுரிகின்றன. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வில், நிபுணரல்லாத சுகாதாரப் பணியாளர்கள் பெற்றோருக்குக் கற்பித்த பயிற்சியே குழந்தை தானாகத் தொடர்புகொள்ளும் முயற்சியை மிகுவித்தது. பெரிய நகரங்களுக்குத் தொலைவிலுள்ள மாவட்டங்களுக்கு இம்முடிவு நம்பிக்கை தருவதாகும். மூன்று வயதில் எழுதப்பட்ட நிர்ணயம் பள்ளியில் சேரும்போது மறுபடியும் சோதிக்கப்பட வேண்டும். ஆயினும் இறுதிப் பெயர் உறுதியாகும்வரை காத்திராமல், கண்ட குறைக்குரிய பயிற்சியை அன்றே வீட்டில் தொடங்கிவிடுவதே முறை.