நர்ஸ் உரிமத் தேர்வு: ஒரு பயத்தின் வரலாறு

அமெரிக்காவில் நர்ஸாக வேலை பார்க்க வேண்டுமானால் என்கிளெக்ஸ் என்ற உரிமத் தேர்வில் தேற வேண்டும். இந்தத் தேர்வு எழுதியவர்களிடம் பேசினால் பெரும்பாலும் ஒரே மாதிரியான கதைதான் கிடைக்கும். கேள்வி ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். எதற்கும் உறுதியாகப் பதில் தெரிந்த மாதிரி இருக்காது. திடீரென்று ஒரு கட்டத்தில் கணினி தானாகவே தேர்வை முடித்துவிடும். வெளியே வருபவர் "போச்சு" என்றுதான் நினைப்பார். ஆனால் அப்படி நினைத்தவர்களில் பெரும்பாலோர் தேறியிருப்பார்கள்!

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? படிப்பில் குறையா, மனதில் குறையா, அல்லது தேர்வின் அமைப்பே அப்படியா? இதற்கு விடை தேட நூற்றாண்டுக்கும் மேலான வரலாற்றைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

தேர்வே வேண்டாம் என்றவர்

நவீன நர்சிங்கின் தாய் என்று போற்றப்படும் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல், 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி தொடங்கியவர். ஆச்சரியம் என்னவென்றால், நர்ஸ்களுக்கு அரசுத் தேர்வும் பதிவேடும் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது அதைக் கடுமையாக எதிர்த்தவரும் அவர்தான். நல்ல நர்ஸ் என்பவள் குணத்தால் ஆனவள், ஒரு நாள் பரீட்சையால் அந்தக் குணத்தை அளக்க முடியாது என்பது அவரது வாதம்.

எதிர்ப் பக்கத்தில் நின்றவர் எதெல் பெட்ஃபோர்ட் ஃபென்விக். லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் மேட்ரனாக இருந்தவர். 1887இல் பிரிட்டிஷ் நர்ஸ்கள் சங்கத்தைத் தொடங்கினார். அவர் கேட்ட கேள்வி எளிமையானது. அந்தக் காலத்தில் யார் வேண்டுமானாலும் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு "நான் நர்ஸ்" என்று சொல்லலாம். மூன்று வருடம் பயிற்சி பெற்றவரையும் மூன்று வாரம் மட்டும் பயிற்சி பெற்றவரையும் நோயாளி எப்படிப் பிரித்து அறிவார்? டாக்டருக்குப் பதிவேடு உண்டு, நர்ஸுக்கு ஏன் இல்லை?

இந்தச் சண்டை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. நைட்டிங்கேல் 1910இல் மறைந்தார். முதல் உலகப் போர் முடிந்த பிறகு, 1919 டிசம்பரில்தான் பிரிட்டனில் நர்ஸ்கள் பதிவுச் சட்டம் வந்தது. பதிவேட்டில் முதல் எண் ஃபென்விக்குக்கே கிடைத்தது.

இருவர் சொன்னதிலும் உண்மை உண்டு. தேர்வு ஒருவரின் கருணையை அளக்காது. ஆனால் தேர்வே இல்லாவிட்டால் நோயாளிக்குப் பாதுகாப்பில்லை. உரிமத் தேர்வின் நோக்கம் மிகச் சிறந்த நர்ஸைத் தேடுவது அல்ல, ஆபத்தில்லாத நர்ஸ் யார் என்று பார்ப்பது மட்டும்தான். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதி பயம் குறையும்.

முதல் பெயர், முதல் சட்டங்கள்

பிரிட்டனுக்கு முன்பே ஒரு சின்ன நாடு முந்திக்கொண்டது. நியூசிலாந்து 1901இல் நர்ஸ்களுக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. இதற்குப் பின்னால் இருந்தவர் கிரேஸ் நீல் என்ற பெண் அதிகாரி. 1902 ஜனவரி 10 அன்று எலன் டோஹெர்ட்டி உலகின் முதல் பதிவு பெற்ற நர்ஸானார்.

அமெரிக்காவில் 1903இல் வட கரோலினா மாநிலம் முதல் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் நியூ ஜெர்சி, நியூயார்க், வர்ஜீனியா ஆகியவையும் பின்தொடர்ந்தன. இந்தச் சட்டங்களில் ஒரு வேடிக்கை உண்டு. தேர்வு எழுதாதவர் வேலை பார்க்கக் கூடாது என்று அவை சொல்லவில்லை. "பதிவு பெற்ற நர்ஸ்" என்ற பட்டத்தைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று மட்டுமே சொல்லின. உரிமம் இல்லாமல் வேலையே பார்க்க முடியாது என்ற கட்டாயச் சட்டத்தை முதலில் இயற்றியது நியூயார்க், அதுவும் 1938இல்தான்.

தேர்வு எழுதவே போராடியவர்

தேர்வுக்குப் பயப்படுபவர்கள் ஒரு பெண்ணின் கதையைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். லூடி ஆண்ட்ரூஸ் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த கறுப்பின நர்ஸ். அட்லாண்டாவில் உள்ள ஸ்பெல்மனில் 1906இல் நர்சிங் படிப்பை முடித்தார். ஆனால் அந்த மாநிலத்தில் வெள்ளையர்கள் எழுதும் உரிமத் தேர்வைக் கறுப்பின நர்ஸ்கள் எழுத முடியாது. படிப்பு உண்டு, அனுபவம் உண்டு, தேர்வு அறையின் கதவு மட்டும் மூடியிருந்தது.

அவர் சட்டப் போராட்டத்தில் இறங்கினார். சுமார் பத்து ஆண்டுகள் அது நடந்தது. நடுவில் "உனக்கு மட்டும் உரிமம் தருகிறோம்" என்ற சமரசம் வந்தபோது அவர் ஏற்கவில்லை. எல்லோருக்கும் கிடைத்தால்தான் தனக்கும் வேண்டும் என்றார். 1920இல் வெற்றி கிடைத்தது. ஜார்ஜியாவின் கறுப்பின நர்ஸ்களும் அதே தேர்வை எழுதும் உரிமை பெற்றார்கள்.

இன்று ஒரு சுமையாகத் தோன்றும் தேர்வு, அன்று அவர்களுக்கு ஒரு கதவாக இருந்தது. எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள் என்பது சாதாரண விஷயம் இல்லை என்பதை அவர் கதை காட்டுகிறது.

போர் கொண்டுவந்த மாற்றம்

ஆரம்ப காலத்தில் ஒவ்வொரு மாநிலமும் தனக்கென்று ஒரு தேர்வை நடத்தியது. பெரும்பாலும் கட்டுரை வடிவக் கேள்விகள். திருத்துபவரைப் பொறுத்து மதிப்பெண் மாறும். முடிவு வர மாதக்கணக்கில் ஆகும்.

இரண்டாம் உலகப் போரின்போது நர்ஸ்கள் உடனடியாகத் தேவைப்பட்டார்கள். பரீட்சைத் தாள்கள் மேஜையில் குவிந்து கிடந்தால் போர்முனை காத்திருக்குமா? 1944இல் எல்லா மாநிலங்களும் பயன்படுத்தக்கூடிய பொதுவான தேர்வுத் திட்டம் தொடங்கியது. சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகைக் கேள்விகள் வந்தன. 1950க்குள் எல்லா மாநிலங்களும் இதற்கு மாறிவிட்டன.

இந்தத் தேர்வு இரண்டு நாள் நடக்கும். மருத்துவம், அறுவை சிகிச்சை, மகப்பேறு, குழந்தைகள், மனநலம் என்று ஐந்து பாடங்கள். ஐந்திலும் தனித்தனியே தேற வேண்டும். 1978இல் மாநில நர்சிங் வாரியங்களின் தேசியக் கவுன்சில் அமைந்தது. அதன் பொறுப்பில் 1982 முதல் நடப்பதுதான் என்கிளெக்ஸ். ஐந்து பாடங்களும் ஒன்றாகக் கலக்கப்பட்டன. உண்மையான நோயாளி "நான் மருத்துவப் பாடம், நான் மனநலப் பாடம்" என்று பிரிந்து வருவதில்லையே!

இதே காலத்தில் பிலிப்பைன்ஸ், இந்தியா, கொரியா போன்ற நாடுகளிலிருந்து ஏராளமான நர்ஸ்கள் அமெரிக்கா சென்றார்கள். அங்கே போய் உரிமத் தேர்வில் பலர் தவறினார்கள். நர்ஸாகப் போனவர்கள் உதவியாளராக வேலை பார்க்க வேண்டிய நிலை வந்தது. இதைத் தவிர்க்க, ஊரிலிருந்து கிளம்பும் முன்பே தகுதியைப் பார்க்கும் சிஜிஎஃப்என்எஸ் என்ற அமைப்பு 1977இல் தொடங்கப்பட்டது. 2005இல் லண்டன், ஹாங்காங், சியோல் ஆகிய நகரங்களில் என்கிளெக்ஸ் மையங்கள் திறந்தன. அடுத்து இந்தியாவிலும் மையங்கள் வந்தன.

கணினி வந்த பிறகு

1994 ஏப்ரலில் பெரிய மாற்றம் நடந்தது. பென்சிலும் தாளும் போய்க் கணினி வந்தது. வெறும் கணினி அல்ல, எழுதுபவரைப் பார்த்துக் கேள்வியை மாற்றும் கணினி. சரியாகப் பதில் சொன்னால் அடுத்தது கொஞ்சம் கடினமாக வரும். தவறினால் கொஞ்சம் எளிதாக வரும். எழுதுபவர் சரியாகச் சொல்ல ஏறக்குறைய 50 சதவீத வாய்ப்புள்ள கேள்வியையே அது தேடித் தருகிறது.

இங்கேதான் பயத்தின் மூலம் இருக்கிறது. பள்ளியில் நன்றாகப் படிப்பவர் 100க்கு 90 எடுத்துப் பழகியவர். இந்தத் தேர்விலோ எவ்வளவு படித்தவருக்கும் ஏறக்குறைய பாதிக் கேள்விகள் தவறத்தான் செய்யும். உயரம் தாண்டும் போட்டியைப் போல, தாண்டத் தாண்ட கோல் மேலே போய்க்கொண்டே இருக்கும். எத்தனை முறை தட்டியது என்பது கணக்கில்லை, எந்த உயரத்தில் தட்டியது என்பதே கணக்கு. கேள்விகள் கடினமாகிக்கொண்டே போகின்றன என்றால் அது நல்ல அறிகுறியாகவும் இருக்கலாம்.

அதுபோலவே தேர்வு சீக்கிரம் நின்றால் தோல்வி என்பதும் கட்டுக்கதைதான். எழுதுபவர் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே இருக்கிறார் அல்லது கீழே இருக்கிறார் என்று 95 சதவீதம் உறுதியானதும் கணினி நிறுத்திக்கொள்கிறது. அது எந்தப் பக்கமாகவும் இருக்கலாம். 1994இல் குறைந்தது 75 கேள்விகள், அதிகபட்சம் 265. 2023 ஏப்ரலில் வந்த புதிய வடிவத்தில் குறைந்தது 85, அதிகபட்சம் 150, நேரம் ஐந்து மணி. அவற்றில் 15 கேள்விகள் சோதனைக்காக மட்டும் வைக்கப்படுபவை, மதிப்பெண்ணில் சேராது. புதிய வடிவத்தில் ஒரே நோயாளியைப் பற்றி ஆறு கேள்விகள் தொடராக வரும். எதைக் கவனித்தாய், எது முக்கியம், முதலில் என்ன செய்வாய் என்பதே அவற்றின் சாரம். பாதி சரியாகச் சொன்னாலும் அதற்கேற்ற மதிப்பெண் உண்டு.

குறுக்கு வழியின் விலை

பயம் வந்தால் மனிதன் குறுக்கு வழி தேடுவான். 2006 ஜூன் மாதம் பிலிப்பைன்ஸில் நடந்த நர்ஸ் உரிமத் தேர்வை நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். மூன்றாம், ஐந்தாம் தாள்களின் கேள்விகள் முன்கூட்டியே கசிந்தது தெரியவந்தது. நாடே கொந்தளித்தது. 2007இல் சிஜிஎஃப்என்எஸ் ஒரு முடிவை அறிவித்தது. 2006 ஜூன் தேர்வில் தேறியவர்கள் அந்த இரண்டு தாள்களுக்குச் சமமானதை மறுபடி எழுதித் தேறினால்தான் அமெரிக்கா செல்வதற்கான சான்றிதழ் கிடைக்கும்.

இதில் அதிகம் வலித்தது யாருக்கு? நேர்மையாக இரவும் பகலும் படித்துத் தேறியவர்களுக்கு. கேள்வித்தாளைக் கண்ணால் பார்க்காதவர்களும் சந்தேகப் பட்டியலில் சேர்ந்தார்கள். பலர் மறுபடி புத்தகத்தைத் திறக்க வேண்டியதாயிற்று.

தேர்விலும் தவறு நேரும்

எல்லாத் தவறும் எழுதுபவர் மேல்தான் என்றும் சொல்ல முடியாது. கனடாவின் பெரும்பாலான மாகாணங்கள் 2015இல் என்கிளெக்ஸுக்கு மாறியபோது முதல் முயற்சியில் தேறியவர்கள் ஏறக்குறைய 70 சதவீதமாகக் குறைந்தார்கள். முந்தைய தேர்வில் இது கணிசமாக அதிகம். பிரெஞ்சு மொழியில் எழுதியவர்கள் இன்னும் அதிகமாகப் பாதிக்கப்பட்டார்கள். நல்ல பயிற்சிப் புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன.

கியூபெக் மாகாணம் தன் சொந்தத் தேர்வையே நடத்தி வந்தது. அங்கே 2022 செப்டம்பரில் எழுதியவர்களில் 45.4 சதவீதம் பேர் மட்டுமே தேறினார்கள். விசாரணை நடந்தது. தேர்விலேயே குறைகள் இருந்தன என்று அறிக்கை வந்தது. 2024இல் கியூபெக்கும் என்கிளெக்ஸுக்கு மாறியது. ஆகவே ஒரு தேர்வில் தோற்றவர் நர்ஸாகவே லாயக்கில்லை என்று முடிவு கட்டுவது எவ்வளவு தவறு!

வரலாறு சொல்லும் பாடம்

இந்த நூற்றாண்டுக் கதையிலிருந்து, தேர்வுக்குத் தயாராகும் ஒருவர் எடுத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு.

முதலாவது, இது ரேங்க் போடும் தேர்வு அல்ல. பக்கத்து நாற்காலியில் இருப்பவரோடு போட்டியும் இல்லை. ஒரு கோட்டைத் தாண்டினால் போதும். எல்லாப் புத்தகத்தையும் மனப்பாடம் செய்ய நினைப்பதே மலைப்பின் முதல் காரணம்.

இரண்டாவது, தேர்வு கேட்பது முடிவெடுக்கும் திறனை. யாரை முதலில் பார்ப்பது, எந்த மாற்றம் ஆபத்து, எதை உடனே டாக்டரிடம் சொல்வது என்பதே கேள்வி. எனவே தினமும் அளவான எண்ணிக்கையில் மாதிரிக் கேள்விகள் செய்து, தவறிய ஒவ்வொன்றுக்கும் ஏன் தவறியது என்று எழுதிப் பார்ப்பது, நூறு பக்கம் வேகமாகப் படிப்பதைவிடப் பலன் தரும்.

மூன்றாவது, தேர்வு அறையில் கடினமாகத் தோன்றுவது இயல்பு. அது அமைப்பின் தன்மை. முந்தைய கேள்வியை நினைத்துக் கலங்காமல் கண்முன் இருக்கும் கேள்வியை மட்டும் பார்க்க வேண்டும். வார்டில் ஒரு நோயாளியின் அருகே நிற்கும்போது நர்ஸ் செய்வதும் அதைத்தானே?

நான்காவது, தவறினாலும் கதவு மூடுவதில்லை. என்கிளெக்ஸை 45 நாட்கள் கழித்து மறுபடி எழுத வாய்ப்பு உண்டு. எந்தப் பகுதியில் பலவீனம் என்ற விவரத்தையும் தவறியவருக்குத் தருகிறார்கள். அதுவே அடுத்த முறைக்கான பாடத்திட்டம்.

நைட்டிங்கேல் சொன்னது போல, கருணையை எந்தக் கணினியும் அளக்கப் போவதில்லை. அது தேர்வு முடிந்த மறுநாளிலிருந்து நோயாளிகள் அளந்து சொல்வது. ஃபென்விக் கேட்டது போல, அந்த நோயாளியின் அருகே போகும் முன் ஒரு குறைந்தபட்ச உறுதிமொழி வேண்டும். அதுதான் இந்தத் தேர்வு. லூடி ஆண்ட்ரூஸ் பத்து ஆண்டுகள் போராடியது அந்த உறுதிமொழியைத் தானும் தன்னைப் போன்றவர்களும் கொடுக்கும் உரிமைக்காகத்தான்.