காசு: கோத்ததும் கொடுத்ததும்

மானகிரி போன்ற செட்டிநாட்டு ஊர்களில் காசுக்கு இரண்டு வாழ்வு. ஒன்று கைமாறுவது, மற்றொன்று காசுமாலையாகக் கழுத்தில் கிடப்பது. இவற்றில் மூத்தது எது?

குறுந்தொகை 67ஆம் பாடலில் அள்ளூர் நன்முல்லையார், கிளி அலகில் கவ்விய வேப்பம்பழத்துக்கு உவமையாக ஒரு காசைக் காட்டுகிறார். புது நூலில் கோப்பதற்காகக் கூர்நகத்தால் பிடித்த பொற்காசு அது. வேப்பம்பழம் நீளுருண்டை. ஆகவே அந்தக் காசு தட்டை நாணயமன்று, கோக்கும் மணி.

குறுந்தொகை பாடப்பட்ட சங்க காலத்தில்தான் ரோமின் வெள்ளி நாணயமான தெனாரியஸ் இங்கே வந்து குவிந்தது. கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842இல் கிடைத்த புதையலில் மட்டும் ஐந்நூறுக்கு மேல். திபேரியஸ் பேரரசர் வெளியிட்டதைப் பாருங்கள்: நாலு கிராமுக்குச் சற்றே குறைந்த எடை, முன்புறம் இலைமாலை சூடிய அரசர் தலை, பின்புறம் கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்த பெண். செட்டிநாட்டுக்குப் பக்கத்திலேயே, புதுக்கோட்டைச் சீமையில், 1898இல் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் அரசர் முகத்தின் குறுக்கே உளி வெட்டு. தென்னிந்தியாவில் கிடைத்த ரோமானியக் காசுகளில் மாலையில் கோக்கத் துளையிட்டவையும் வளையம் வைத்தவையும் உண்டு.

தெனாரியஸ் என்ற பெயர் வடமொழியில் 'தீனார' ஆகிக் குப்தர் கல்வெட்டுகளில் ஏறியது. அரபியில் தினார் ஆயிற்று. தமிழில் காசே நிலைத்தது. ராஜராஜன் காலத் தஞ்சைக் கல்வெட்டுகளில் அது வட்டிக்கு விடும் பணம்: ஒரு காசுக்கு ஆண்டுப் பலிசை, அதாவது வட்டி, அரைக்கால் காசு. அச்சொல்லே போர்ச்சுகீசியர் வாய்வழியே கடல் கடந்து, கிழக்காசியச் சில்லறைக்கு ஆங்கிலத்தில் 'கேஷ்' என்ற பெயரையும் தந்தது. ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' வேறு. அது பணப்பெட்டியைக் குறித்த ஐரோப்பியச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டையும் ஒன்றாக்கிப் பெருமைப்பட வேண்டியதில்லை.

ஆக, பாட்டை வைத்துப் பார்த்தால் கோத்த காசே மூத்தது எனலாம். கொடுக்கும் காசு அதன் வழி வந்தது போலும். காசின் கதைக்குச் சான்று பாட்டு மட்டுமன்று, மண்ணுக்குள் கிடக்கும் காசுகளும்தான். கண்மாய் வெட்டும்போதோ கடைக்கால் தோண்டும்போதோ பழங்காசு கிடைத்தால் உருக்கிவிடாதீர்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவியுங்கள். உருகிய வெள்ளி எந்த வரலாற்றையும் சொல்லாது.